மூக்கில் 10 கிராம்: ஒரு பி-38 மாடல் கட்டிய பதிவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 11 வார வேலைக்குப் பிறகு, சக்கரக் கால்களின் பசை காய்ந்ததும் விமானத்தை மேசையில் இறக்கி வைத்தேன். மூன்று சக்கரங்களும் தரையில் பட்டன. கையை எடுத்தேன். முன் சக்கரம் மெதுவாக எழும்பியது. வால் பின்னால் சாய்ந்து டக்கென்று மேசையில் உட்கார்ந்தது.

பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: "ஏம்பா, ப்ளேன் உக்காந்துக்கிச்சு?"

அந்தக் கேள்விக்கான பதில் ஏழு வாரத்துக்கு முன்னால், மூக்கை ஒட்டி மூடிய ராத்திரியில் இருந்தது. இந்த மாடலில் எனக்கு நேர்ந்த தவறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான்: செய்த இடம் ஒன்று, தெரிந்த இடம் வேறு. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். இதே விமானத்தையோ, முன் சக்கரம் வைத்த வேறு எதையோ கட்டப் போகிறவர்களுக்கு உதவும்.

கிட், அதாவது பாகங்களாக வரும் பெட்டி: லாக்ஹீட் பி-38ஜே லைட்னிங், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானம். 1/48 அளவு. அதாவது நிஜத்தில் நாலு அடி இருப்பது மாடலில் ஒரு அங்குலம். நிஜ விமானத்தின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 52 அடி. மேசையில் அது கச்சிதமாக 13 அங்குலம். முதல் பி-38 பறந்தது 1939 ஜனவரியில். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும் வடிவம். நடுவில் குட்டையான ஒரு கூடு. அதில் விமானி உட்காருவார். அதன் மூக்கில் நாலு இயந்திரத் துப்பாக்கிகளும் ஒரு 20 மி.மீ. பீரங்கியும். கூட்டின் இரண்டு பக்கமும் என்ஜினில் தொடங்கி வால் வரை நீளும் இரண்டு தனி உடல்கள். இவற்றை பூம் என்பார்கள். இரண்டு பூம்களையும் பின்னால் ஒரு வால் இறக்கை பாலம் போலச் சேர்க்கிறது.

நான் முன்பு கட்டிய நாலு மாடல்களும் ஒற்றை உடல் விமானங்கள். இடது பாதியையும் வலது பாதியையும் ஒட்டி, இறக்கையைச் செருகினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. பி-38இல் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு பூம்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், பின்னால் அந்த வால் இறக்கை பொருந்தவே பொருந்தாது.

முதல் வாரத்தில் சொல்ல அதிகம் இல்லை. பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்து வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவிக் காயவைத்தேன். அச்சிலிருந்து பிளாஸ்டிக் எளிதாகக் கழன்று வரத் தடவும் எண்ணெய்ப்பசை பாகங்களின் மேல் மிஞ்சியிருக்கும். அது இருந்தால் பெயின்ட் பிடிக்காது. காக்பிட்டுக்கு உள்பக்கப் பச்சை அடித்து, கருவிப் பலகையைக் கறுப்பாக்கி, காய்ந்த தூரிகையால் மேடுகளில் லேசாக வெள்ளிச் சாயம் தேய்த்தேன். கண்ணாடி மூடிய பிறகு இதில் பாதிகூடத் தெரியாது என்று தெரிந்தும் மூன்று ராத்திரி அதிலேயே போனது. அதில் வருத்தமில்லை.

பூம்

பிளாஸ்டிக் மாடலுக்கான பசை, நாம் காகிதத்துக்குப் போடும் பசை மாதிரி வேலை செய்வதில்லை. அது ஒரு கரைப்பான். பாலிஸ்டைரினின் இரண்டு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகப் போய்விடும். மிச்சமிருப்பது ஒரே பிளாஸ்டிக். அதனால் இணைப்பு பலமாக இருக்கும். ஆனால் கரைந்த பிளாஸ்டிக் மறுபடி கெட்டியாகும் நேரத்தில் பாகம் எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலை அப்படியே நிலைத்துவிடும்.

இடது பூமின் இரண்டு பாதிகளையும் சேர்த்து, நடுவில் இடைவெளி விழக் கூடாதே என்று ஐந்தாறு ரப்பர் பேண்டுகளை இறுக்கிச் சுற்றினேன். வலது பூமுக்கு ரப்பர் பேண்ட் போதவில்லை; மாஸ்கிங் டேப் துண்டுகளை மட்டும் ஒட்டிச் சமமான பலகை மேல் படுக்க வைத்தேன். மறுநாள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், டேப் போட்டது நேராக இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டது ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. ரப்பர் ஒரு பக்கமாகச் சுற்றி இழுத்திருக்கிறது. பசை இளகியிருந்த நேரத்தில் பூமும் அதன் போக்கில் திரும்பிவிட்டது. நடுப்பகுதியில் பார்த்தால் எதுவும் தெரியாது. பின்னால் செங்குத்தாக நிற்கும் வால் துடுப்பின் உச்சியில் மட்டும் 2 மி.மீ. சாய்வு.

அது அப்படியே போகட்டும், ஒட்டும்போது வளைத்துச் சேர்த்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். வளைத்துப் பிடித்து ஒட்டும் இணைப்பில் எப்போதும் இழுவிசை இருந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு நாள் தானாக விரிசல் விடும். என் இரண்டாவது மாடலின் இறக்கை அப்படித்தான் போனது. எனவே பிரித்தேன். தண்ணீர் மாதிரியான மெல்லிய பசையை நுண்தூரிகையால் இணைப்புக்கோடு நெடுக விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, கத்தியின் முனையைச் செருகி வால் பக்கத்திலிருந்து பாதி நீளம் வரை திறந்தேன். அவசரப்பட்டால் விளிம்பு பிய்ந்துவிடும். பசை விட்டு, பொறுத்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி பசை விட்டு என்று ஒரு மணி நேரம் ஆனது. பிறகு பலகை மேல் படுக்க வைத்து டேப் மட்டும் போட்டு மறுபடி ஒட்டினேன். நேராக வந்தது.

இதில் இரண்டு நாள் போய்விட்டதே என்ற பதற்றத்தில் அடுத்த தவறைச் செய்தேன். ஒட்டிய அன்று மாலையே உப்புத்தாளை எடுத்துவிட்டேன். 400 நம்பரில் தொடங்கி, 600, 1000 என்று தேய்த்து, விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். கோடு தட்டவில்லை. கண்ணுக்கும் தெரியவில்லை. நல்ல வேலை என்று திருப்தியாக எழுந்தேன்.

பத்து நாள் கழித்து பெயின்டுக்கு அடிப்பூச்சாகச் சாம்பல் ப்ரைமர் அடித்தபோது, இடது பூமின் முதுகில் நேர்க்கோடாக ஒரு பள்ளம். முடி அளவுதான். ஆனால் ப்ரைமர் எதையும் மறைக்காது. நடந்தது இதுதான்: தேய்க்கும்போது இணைப்பில் இன்னும் கரைப்பான் மிச்சமிருந்தது, கரைந்த பிளாஸ்டிக் ஊதிய நிலையில் இருந்தது. நான் அந்த ஊதலைச் சமமாகத் தேய்த்தேன். பிறகு கரைப்பான் முழுக்க ஆவியானதும் அந்த இடம் மட்டும் சுருங்கி உள்வாங்கியது. தொட்டால் காய்ந்திருப்பதும் உள்ளே காய்ந்திருப்பதும் வேறு. இப்போதெல்லாம் நீளமான இணைப்பை ஒட்டினால் அதன் மேல் தேதி எழுதிய ஒரு டேப் துண்டை ஒட்டிவிடுகிறேன். மூன்று நாளாவது ஆகாமல் உப்புத்தாள் அந்தப் பக்கம் போகாது. தடிமனாகப் பசை விட்ட இடம் என்றால் ஒரு வாரம்.

பள்ளத்தை நிரப்ப மாடல்காரர்கள் நிறையப் பேர் செய்யும் ஒரு முறை இருக்கிறது. பாகங்களைத் தாங்கி நிற்கும் சட்டத்தின் மிச்சத் துண்டுகளை அரிசி அளவுக்கு நறுக்கி, பாதி காலியான பசைக் குப்பியில் போட்டு ஒரு ராத்திரி விட்டால், தேன் பதத்துக்கு ஒரு குழம்பாகும். கடையில் விற்கும் பட்டியைவிட இது எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், காய்ந்த பிறகு இதுவும் அதே பிளாஸ்டிக், அதே கடினம். பட்டி பார்த்த இடம் சில சமயம் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிட மெதுவாகவோ வேகமாகவோ தேயும். ஓரத்தில் அலை விழும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் காய ஒரு வாரம் வேண்டும். இந்த முறை முழு வாரமும் காத்திருந்தேன்.

மூன்றையும் சேர்ப்பது

செய்முறைத் தாளில் பூம்களை இறக்கையோடு ஒட்டு, பிறகு வால் இறக்கையை இடையில் செருகு என்று இருந்தது. அந்த வரிசையில் போனால் பூம்கள் முதலில் உறைந்துவிடும். வால் இறக்கை வரும்போது திருத்த எதுவும் மிச்சமிருக்காது. நான் மாற்றிச் செய்தேன். இந்த மாடலில் நான் சரியாகச் செய்த ஒரு காரியம் இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கிராஃப் தாளைப் பலகை மேல் ஒட்டி, நடுக்கோடு ஒன்றும் அதற்கு இருபுறமும் சம தூரத்தில் பூம்களுக்கு இரண்டு இணைகோடுகளும் வரைந்தேன். இரண்டு கோடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பதை நான் கணக்குப் போட்டு முடிவு செய்யவில்லை. வால் இறக்கைப் பாகத்தை அளந்து, அது சொன்னதை எடுத்துக்கொண்டேன். நிஜ விமானத்தின் அளவு எதுவாக இருந்தாலும், கடைசியில் பொருந்த வேண்டியது அந்தப் பாகம்தானே. இறக்கை, கூடு, இரண்டு பூம்கள், வால் இறக்கை ஐந்தையும் பசையே இல்லாமல் சேர்த்து, டேப் போட்டு, தாளின் மேல் வைத்தேன். பூம்களுக்கு அடியில் உயரம் சமமாக வர மரத்துண்டுகள்.

அப்புறம் மூன்று திசையிலிருந்து பார்வை. மேலிருந்து பார்த்தால் பூம்கள் கோட்டின் மேல் படிய வேண்டும். முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், இறக்கையின் நடுப்பகுதியும் பின்னால் தெரியும் வால் இறக்கையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வால் துடுப்புகள் இரண்டும் செங்குத்தாக நிற்கின்றனவா என்பதற்கு ஒரு சின்ன மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். இடது பக்கம் காகித அளவுக்குச் சாய்வு இருந்தது. பூம் இறக்கையில் உட்காரும் இடத்தில் ஒரு பிசிறு. அதை அரத்தால் இரண்டு தேய் தேய்த்ததும் சரியானது.

எல்லாம் அசையாமல் இருக்கும்போது மெல்லிய பசையைத் தொட்டு, பூமும் இறக்கையும் சேரும் கோட்டில் தூரிகை நுனியை வைத்தேன். இந்தக் காட்சி எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. தூரிகை ஓர் இடத்தில்தான் தொடுகிறது. பசை தானாகக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி, இறக்கையின் முன் விளிம்பு வரை ஒரு மினுமினுப்பாகப் போய், அங்கே நின்று, மங்குகிறது. நுண்ணிய இடைவெளி இருந்தால் மட்டுமே அப்படி ஓடும். இடைவெளி பெரிதாக இருந்தால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். அதுவே பொருத்தம் சரியில்லை என்பதற்கு அடையாளம். டேப் இருக்கும் இடத்தில் மட்டும் தூரிகையை வைக்கக் கூடாது. டேப்புக்கு அடியில் பசை ஓடிப் பரவினால் பிளாஸ்டிக்கில் தழும்பு விழுந்துவிடும்.

வால் இறக்கைக்குக் கடைசியாகத்தான் பசை விட்டேன். அதுவரை அது வெறும் அளவுகோலாக இருந்தது.

மூக்கு

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். பூம்களோடு போராடிக்கொண்டிருந்த நாலாவது வாரம். நடுக்கூட்டை மூடும் முன் மூக்கினுள் 10 கிராம் எடை வைக்கச் சொல்லியிருந்தது தாள். படத்தில், முன் சக்கர அறையின் கூரைக்கு மேலே, துப்பாக்கிகள் இருக்கும் இடத்தில் ஓர் உருண்டை வரைந்திருந்தார்கள்.

ஏன் எடை வேண்டும்? நிஜ பி-38இல் ஆலிசன் வி-1710 என்ஜின் ஒன்றின் எடையே 600 கிலோவுக்கு மேல். அப்படி இரண்டு, இறக்கைக்கு முன்னால் தொங்குகின்றன. மூக்கில் துப்பாக்கிகளும் குண்டுகளும். எல்லா எடையும் முன்னால் இருப்பதால் விமானம் இயல்பாக மூன்று சக்கரத்தில் நிற்கும். மாடலில் என்ஜின் இருக்கும் இடம் காலி. துப்பாக்கி இருக்கும் இடம் காலி. பிளாஸ்டிக் எங்கே அதிகமோ அங்கேதான் எடை. பி-38இல் அது பின்னால்: இரண்டு நீண்ட பூம்கள், இரண்டு துடுப்புகள், ஒரு வால் இறக்கை. அதனால் எடை வைக்காத பி-38 மாடல் எதுவானாலும் வாலில் உட்காரும்.

என்னிடம் அன்று ஈயம் இல்லை. இரும்பு நட்டுகள் இருந்தன. தராசில் போட்டுச் சரியாக 10 கிராம் எடுத்தேன். மூக்கில் 6 கிராமுக்குத்தான் இடம் இருந்தது. ஈயத்தின் அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு 11 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இரும்பு எட்டுக்கும் குறைவு. போதாததற்கு நட்டின் நடுவில் ஓட்டை, நட்டுகளுக்கு இடையே சந்து. மிச்சம் 4 கிராமை விமானியின் இருக்கைக்குப் பின்னால் காக்பிட் தரைக்கு அடியில் வைத்து ஒட்டினேன். மொத்தம் 10 கிராம் ஆகிவிட்டது என்று மனது சமாதானமானது.

தராசின் கணக்கு சரி, ஏற்றமரத்தின் கணக்கு தவறு. விமானம் சாய்வது பின் சக்கரங்களை அச்சாக வைத்து. அந்த அச்சிலிருந்து 6 செ.மீ. முன்னால் வைக்கும் 1 கிராமும், 2 செ.மீ. முன்னால் வைக்கும் 3 கிராமும் ஒரே வேலையைத்தான் செய்யும். நான் இருக்கைக்குப் பின்னால் வைத்த 4 கிராம் கிட்டத்தட்ட அச்சுக்கு நேர் மேலேயே இருந்தது. அது மூக்கைக் கீழே இழுக்க எந்த உதவியும் செய்யவில்லை; கால்களுக்குச் சுமை மட்டும் கூட்டியது. இதோடு பூமின் முதுகில் நிரப்பிய குழம்பு, நாலு பூச்சு பெயின்ட் எல்லாம் சேர்ந்து பின்பக்கத்தை இன்னும் கனமாக்கின.

அதே ராத்திரியில் இன்னொன்றும் நடந்தது. நட்டுகளை சூப்பர் குளூ விட்டு ஒட்டினேன். கூட்டை மூடினேன். காக்பிட்டுக்குள் தூசி விழக் கூடாது என்று கண்ணாடி மூடியைப் பசையில்லாமல் மேலே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் முன் கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்த மாதிரி வெளுத்திருந்தது. சூப்பர் குளூ இறுகும்போது கிளம்பும் ஆவி, காற்றுப் போகாத இடத்தில் பக்கத்துப் பரப்புகளில் வெண்மையாகப் படியும். மூக்கில் போட்ட பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான் யோசிக்காத ஒரு சந்து இருந்திருக்கிறது. 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மிக லேசாகத் தேய்த்து, பிறகு பற்பசையைப் பஞ்சில் தொட்டு அரை மணி நேரம் மெருகேற்றி, கடைசியாகத் தண்ணீர் போன்ற அக்ரிலிக் வார்னிஷில் ஒரு முக்கு முக்கி எடுத்துக் காயவைத்தேன். தெளிந்தது. கண்ணாடிப் பாகங்களை ஒட்ட இப்போது வெள்ளைப் பசை மட்டும்தான். பால் மாதிரி இருந்து, காய்ந்ததும் நிறமில்லாமல் போகும்.

ஆனால் அந்த வெள்ளைப் பசையை ஈயத்தின் மேல் போடாதீர்கள். மூடிய இடத்தில் ஈயத்தோடு அது வினைபுரிந்து, சில வருடங்களில் ஈயம் வெள்ளைப் பொடியாகப் பொங்கி, மாடலை உள்ளிருந்து பிளந்துவிடுவது உண்டு. ஈயத்துக்கு எபாக்சி. ஈயத்தைத் தொட்ட பிறகு கையை நன்றாகக் கழுவ வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறம்

அடிப்பக்கம் நியூட்ரல் கிரே, மேல்பக்கம் ஆலிவ் டிராப் என்ற மங்கிய பச்சை. ஜே வகை வந்தது 1943இல். 1944இன் தொடக்கத்திலிருந்து அமெரிக்கப் போர் விமானங்கள் பெயின்ட் இல்லாமல் வெறும் அலுமினியமாகவே தொழிற்சாலையை விட்டு வரத் தொடங்கின. ஆக, பச்சை ஜே என்றால் அந்த இடைப்பட்ட சில மாதங்களின் விமானம். வெள்ளி நிறம் அழகுதான். ஆனால் அது இணைப்பில் உள்ள ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும். என் இடது பூமின் வரலாறு தெரிந்ததால் பச்சையைத் தேர்ந்தெடுத்தேன்.

ஏர்பிரஷ்ஷில் பெயின்டைப் பால் பதத்துக்கு நீர்த்து, மெல்லிய பூச்சுகளாக அடித்தேன். ஒரே பூச்சில் மூடப் பார்த்தால் தகட்டுக் கோடுகள் அடைத்துவிடும். வேலை முழுக்க ஜன்னல் திறந்து, முகமூடி போட்டுத்தான்.

டெகால்களில், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னங்களில், பெரியவை நன்றாக உட்கார்ந்தன, ஏனென்றால் அவற்றுக்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ் அடித்திருந்தேன். மங்கல் பெயின்டின் மேற்பரப்பு நுணுக்கிப் பார்த்தால் சொரசொரப்பானது. அதன் மேல் டெகால் படியும்போது மேடுகளுக்கு இடையே காற்று மாட்டிக்கொண்டு, காய்ந்ததும் வெள்ளியாக மின்னும். சின்னஞ்சிறு எச்சரிக்கை எழுத்துகள் மூன்றை மட்டும், மறந்துபோய், வார்னிஷ் படாத இடத்தில் ஒட்டிவிட்டேன். மூன்றும் மின்னின. ஊசி முனையால் அங்கங்கே குத்தி, டெகாலை இளக்கும் திரவத்தை மூன்று நாள் மூன்று முறை விட்டேன். இரண்டு சரியாகிவிட்டன. மூன்றாவது இன்னும் ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில் மின்னுகிறது.

ப்ரொப்பெல்லரில் ஒரு விஷயம். பி-38இன் இரண்டு ப்ரொப்பெல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை. அதனால் கிட்டில் இடது, வலது என்று தனித்தனி இறகுகள். நான் இரண்டையும் சட்டத்திலிருந்து வெட்டி, ஒன்றாகக் கறுப்படித்து, நுனியில் மஞ்சள் பூசி, காயவைத்த பிறகுதான் எது எது என்று தெரியவில்லை என்பதைக் கவனித்தேன். எண்கள் சட்டத்தில் இருந்தன, சட்டம் குப்பையில். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உற்பத்திக்கு வந்த பி-38களில், உச்சிக்கு வரும் இறகு காக்பிட்டை விட்டு வெளிப்பக்கமாக விலகிச் சுற்றும். சுற்றும் திசையில் முந்திப் போகும் விளிம்புதான் விமானத்தின் முன்பக்கம் தள்ளி இருக்கும். ஆக, ஓர் இறகை உச்சியில் நிறுத்திப் பாருங்கள்: அதன் வெளிப்பக்க விளிம்பு முன்னால் தள்ளியும், காக்பிட் பக்க விளிம்பு இறக்கையை நோக்கிப் பின்வாங்கியும் இருந்தால் அது சரியான பக்கம்.

திருத்தம்

நல்ல வேளை, வால் உட்கார்ந்த அன்று ப்ரொப்பெல்லர்களை நான் இன்னும் ஒட்டவில்லை. மூக்கைப் பிளக்காமல் எடை வைக்க இருந்த வேறு வாசல், என்ஜின் முகப்புகளில் ப்ரொப்பெல்லர் அச்சைச் செருகும் அந்த இரண்டு ஓட்டைகள்தான். என்ஜின் முகப்புகள் முன் சக்கரத்துக்கும் முன்னால் நீண்டிருப்பவை. ஏற்றமரக் கணக்கில் மிக நல்ல இடம்.

இந்த முறை எவ்வளவு வேண்டும் என்று விமானத்தையே கேட்டேன். தூண்டிலுக்குப் போடும் சின்ன ஈயக் குண்டுகளை ஒரு கிராம் பொட்டலங்களாக டேப்பில் சுருட்டி, இரண்டு என்ஜின் முகப்புகளின் மேலும் மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டே வந்தேன். நாலாவது கிராமில் வால் மிதந்தது. ஐந்தாவதில் முன் சக்கரம் இறங்கி நின்றது. மேசையைத் தட்டினால் மறுபடி ஆடியது. ஆறில் ஆடவில்லை. ஒரு பக்கத்துக்கு 3 கிராம். இதற்கு மேல் போனால் கால்கள் தாங்காது. பிளாஸ்டிக் கால் உடனே உடையாது, மாதக்கணக்கில் மெல்ல வளையும். இந்தச் சோதனையை எல்லாப் பாகத்தையும் டேப் போட்டுச் சேர்த்திருந்த அன்றே, மூக்கை மூடுவதற்கு முன்பே, ஒரு பென்சிலைப் பின் சக்கரங்கள் வரும் இடத்தில் குறுக்கே வைத்துச் செய்திருக்கலாம். அரை மணி நேர வேலை.

ஓட்டையைக் கையால் சுற்றும் சிறு டிரில்லால் 5 மி.மீ. ஆக்கினேன், ப்ரொப்பெல்லரின் மூக்குக் கூம்பு அதை மறைத்துவிடும். பிசைந்து பயன்படுத்தும் எபாக்சியில் ஈயக் குண்டுகளைச் சேர்த்து உருட்டி, மெழுகுத்திரி மாதிரி மெல்லிய துண்டுகளாக்கி, ஒவ்வொன்றாக ஓட்டைக்குள் தள்ளி, பல்குச்சியால் உள்சுவரில் அழுத்தினேன். வெளியே ஒரு பொட்டு பெயின்ட் உரியவில்லை. இறுகியதும், தளர்ந்துபோன ஓட்டைக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயைச் செருகி ஒட்டி, ப்ரொப்பெல்லர் அச்சை அதில் உட்கார வைத்தேன்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. பி-38இன் என்ஜின் உறைகளில், காக்பிட்டைப் பார்த்த பக்கத்தில், முட்டை வடிவில் ஓர் இடத்தை மட்டும் பெயின்ட் அடிக்காமல் பளபளவென்று மெருகேற்றியிருப்பார்கள். மெல்லிய அலுமினியத் தாளை முட்டை வடிவில் வெட்டி, பஞ்சுக் குச்சியால் தேய்த்துத் தேய்த்து ஒட்டினேன்.

"இது எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"கண்ணாடி. முன் சக்கரம் விமானிக்கு நேரே அடியில இருக்கு இல்லையா, அவரால குனிஞ்சு பார்க்க முடியாது. தரை இறங்கறதுக்கு முன்னாடி, சக்கரம் கீழ வந்துடுச்சான்னு இதுல பார்த்துக்குவார்."

அவள் டார்ச்சை எடுத்து வந்து, தாடையை மேசையில் வைத்து, காக்பிட் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு அசையாமல் நின்றாள்.

"தெரியுதுப்பா. கீழதான் இருக்கு."